மோத்தியின் முன்னங்கால்

என் அக்காள் புருஷன் கஸ்பாரின் வீட்டுச் சுவரில் ஒரு காடே இருந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் அந்தக் காட்டில் ஒரு மிருகத்துக்கும் கால் இருக்காது. யானை வயிற்றோடு நின்றுவிடும். கடமான் கழுத்தும் முதுகுமாக அந்தரத்தில் தொங்கும். கரடி இடுப்புக்கு மேலே மட்டும்தான் கரடி. கால்கள் எங்கே போயின என்று கேட்டால், தரையோரம் காவியும் கறுப்புமாகக் கொட்டிக் கிடக்கிற பொடியை என் அக்காள் வியாகுலம்மாள் துடைப்பத்தால் காட்டுவாள்.

"தோ கீது பாரு உன் மச்சானோட யானை. மொறத்துல வாரி வெளிய கொட்டப் போறேன். வேணும்னா இப்பவே பாத்துக்கோ."

எல்லாம் உப்பு செய்கிற வேலை. ராயபுரத்தில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வரிசை வீடுகளைக் கட்டியவர் வீட்டுக்காரர் நீலமேகத்தின் அப்பா. கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கும்போது ஆற்று மணலுக்கு எதற்கு வண்டி கட்டவேண்டும் என்று யோசித்த புத்திசாலி. கடல் மணலை வாரிக் குழைத்துப் பூசிவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். சுவர் மட்டும் அதற்குப் பிறகும் வியர்த்துக்கொண்டே இருந்தது. மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரம் இரண்டு முழம் ஏறும். வெயில் வந்ததும் உப்புப் பூக்கும். பூத்த உப்பு வர்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு உதிரும். வெறும் சுவர் வைத்திருந்தவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். சுவரில் புலியை வைத்திருந்தவருக்குத்தான் பேஜார்.

என் பெயர் தாமஸ். ராயபுரம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன் என்பதால் அக்காள் வீட்டு முன்னறை என்னுடையதாயிற்று. பதினான்கு வருஷம் அந்தச் சுவர்களோடு குடியிருந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: கஸ்பார் மச்சானைப் போல நல்ல மனிதரும் கிடையாது, அவரைப் போல மனிதனை எரிச்சல்படுத்துகிறவரும் கிடையாது.

மச்சானுக்குத் துறைமுகத்தில் மார்க்கா போடுகிற வேலை. கப்பலில் ஏறுகிற மூட்டைக்கும் பெட்டிக்கும் அனுப்புகிறவரின் அடையாளமும் போய்ச் சேருகிற ஊரின் பெயரும் எழுத வேண்டும். தகரத் தகட்டில் எழுத்தை வெட்டி எடுத்து, தகட்டைப் பெட்டிமேல் வைத்து, மையில் தோய்த்த மட்டைத் தூரிகையால் தட்டினால் எழுத்து விழும். சரக்கு ரங்கூனுக்கா பினாங்குக்கா என்பது அந்த ஒரு தட்டில் இருக்கிறது. பத்து ஆள்களுக்கு அவர் மேஸ்திரி. தகட்டின் நேர்ப்பக்கத்தில், மூலையில் ஓர் ஆணியால் குறி கீறி வைக்காதவனை அவர் திட்டுகிற திட்டு தண்டவாளம் தாண்டி எனக்குக் கேட்கும்.

"தப்பு மார்க்கா போட்ட சரக்கு செத்த சரக்குடா. அத்த ஒலகத்துல எவன் தேடுவான்?" என்பார்.

அந்தத் துறைமுகத்தில்தான் அவருடைய இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் போயின. பாரந்தூக்கியிலிருந்து இறங்கிய பெட்டிக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மனசு சரியில்லை என்று டிராம் ஏறி சென்ட்ரல் பக்கம் போனவர் உயிர் காலேஜுக்குள் நுழைந்திருக்கிறார். மிருகக்காட்சிசாலைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. அங்கே கம்பிக்குப் பின்னால் ஒரு கிழட்டுப் பெண்புலி முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு காலில் இரண்டு விரல் இல்லை. குட்டியாக இருந்தபோது காட்டில் கண்ணிப்பொறியில் போனதாம். மச்சான் கட்டுப் போட்ட கையோடு மத்தியானம் வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குத் தீனி போடுகிறவர் ஜஹாங்கீர் என்கிற பாய். அவர் அதை மோத்தி என்று கூப்பிடுவார். கிழட்டுப் புலிக்கு அத்தனை மரியாதை கிடையாது. மூன்று தரம் கூப்பிட்டால்தான் எழுந்து வரும். வந்து கம்பிக்கு நடுவே காலை வெளியே நீட்டும். பாய் அந்தப் பாதத்தைச் சொறிந்துவிடுவார். இதைப் பார்க்க மச்சான் ஞாயிறு தவறாமல் போனார். இரண்டு பேரும் தோஸ்தாகிவிட்டார்கள்.

சுவரில் மிருகங்கள் ஏறியது அப்போதுதான். முதலில் மோத்தி. நடுவறையில், ஏசுவின் திரு இருதயப் படத்துக்கு நேர் கீழே, முகம் நம்மைப் பார்த்தபடி, கால்களைத் தரையோரம் நீட்டிப் படுத்த கோலத்தில், ஆளுயரம் இல்லாவிட்டாலும் ஆள் அகலம் இருக்கும். அப்புறம் யானை, கடமான், கரடி, சமையலறைக் கதவோரம் ஒரு நரி. கடை வர்ணம் ஒன்றுகூடக் கிடையாது. செங்குன்றத்துச் செம்மண், மஞ்சள் காவி, விளக்குக் கரி, துறைமுகத்தில் கப்பலுக்கு ஏற்றும்போது சிந்துகிற மாங்கனீசு மண். இவற்றை வேப்பம் பிசினில் குழைப்பார். வீட்டுக்குள் நுழைந்தால் மண்ணுக்குள் நுழைந்தது போல இருக்கும். சித்திரை வெயிலிலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. பிடிக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அக்காளுக்குத்தான் ஆற்றாமை.

"ஊருல எல்லா வூட்லயும் மாதா படத்துக்கு நீலம் அடிச்சு நட்சத்திரம் போட்டுகீறாங்க. எங்கூட்ல ஏசுநாதரு புலி மேல குந்திகினு கீறாரு."

"மாட்டுக் கொட்டாயில பொறந்தவருதானே, அவுரு இன்னாத்துக்கு கோச்சுக்கப் போறாரு" என்பார் மச்சான்.

ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் முதல் வருஷம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே மோத்தியின் மேலும் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அதோடு அக்காள் வாய் அடைத்துப் போயிற்று. ஆனால் கால்கள் உதிர்வது நிற்கவில்லை. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் நாற்பது நாளும் மச்சான் சாராயத்தையும் சீட்டாட்டத்தையும் விட்டுவிட்டு, சாமியார் வருவதற்குள் எல்லா மிருகத்துக்கும் கால் போட்டு முடிப்பார். தரையில் குப்புறப் படுத்து வரைய முடியாமல் நாற்பத்தொன்றாம் வருஷம் ஒரு யோசனை செய்தார். மண்ணெண்ணெய் டின்னை அறுத்துத் தட்டி, மோத்தியின் இரண்டு முன்னங்கால்களையும், விரல்போன குறையோடு சேர்த்து, ஒரே தகடாக வெட்டிவிட்டார். சுவரில் வைத்துத் தட்டினால் முடிந்தது வேலை. அன்றைக்கு வீட்டில் ஆட்டுக்கறி இல்லாத குறைதான், தபசுகாலமாகப் போயிற்று.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஈஸ்டர் முடிந்த வாரம் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியானது. கப்பல்கள் எல்லாம் மேற்குக் கரைக்குத் திருப்பிவிடப்பட்டன. மார்க்கா போட மூட்டை இல்லை. ரயில்வே என்னை அரக்கோணத்துக்குத் தள்ளியது. மச்சானும் அக்காளும் கதவைப் பூட்டிக்கொண்டு அச்சரப்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். மழைக்காலம் முழுக்க வீடு பூட்டியே கிடந்தது. கிறிஸ்துமசுக்கு நாலு நாள் முன்பு திரும்பி வந்து திறந்தால், ஓடு ஒழுகி, உப்பு எந்த வருஷமும் ஏறாத உயரத்துக்கு ஏறியிருந்தது. மோத்திக்கு மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"போனா போவுது, தகடு கீது" என்றார் மச்சான்.

பரணிலிருந்து தகட்டை எடுத்தார். புடவைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே சுற்றி வைத்திருந்தது. சுவரோரம் உட்கார்ந்து வைத்துப் பார்த்தார். எடுத்தார். திருப்பி வைத்தார். மறுபடி எடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காவி அப்பியிருந்தது.

எழுத்துத் தகடு என்றால் திருப்பிப் போட்டால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். கால் தகட்டுக்கு ஏது நேர், ஏது புறம்? இப்படி வைத்தால் குறைப்பட்ட பாதம் இந்தப் பக்கம் வருகிறது. அப்படி வைத்தால் அந்தப் பக்கம். மூலையில் குறி கீறியிருக்கிறதா என்று தேடினார். இல்லை. குறி கீறாதவனை ஊர் கேட்கத் திட்டுகிற மேஸ்திரி, தன் வீட்டுத் தகட்டில் கீறவில்லை. சுவர்தான் எதிரிலேயே இருக்கிறதே என்று விட்டிருக்கிறார். அன்று அவர் தன்னையே திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

"இதுக்கா இந்தப் பாடு? ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு வாயேன்" என்றாள் அக்காள்.

போனார். நானும் கூடப் போனேன். கூண்டு கழுவி விட்டிருந்தது. சிங்கம் இல்லை, சிறுத்தை இல்லை, கரடி இல்லை, மோத்தி இல்லை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் வந்துவிடும் என்று ஏப்ரலிலேயே மேலிடத்து உத்தரவின்பேரில் சுட்டுவிட்டார்களாம். மானுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஆள் சொன்னான். ஜஹாங்கீர் பாய் அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டாராம். மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தாமசு, உனக்கு ஞாபகம் கீதா? எந்தக் காலு?"

அந்தச் சுவரை நாலு வருஷம் தினம் பார்த்தவன் நான். அந்தப் புலியையும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன். மீசை ஞாபகம் வந்தது. மூக்கோரம் இருந்த தழும்பு ஞாபகம் வந்தது. காலை நான் பார்க்கவே இல்லை. யாருமே பார்க்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அக்காளைக் கேட்டால், "நா பெருக்கனவ. பாத்தவ இல்ல" என்றாள். பங்குச் சாமியாரைக் கேட்டார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிற அவசரத்தில் செபம் பண்ணச் சொன்னார். பக்கத்து வீடு, எதிர் வீடு, டிராம் கண்டக்டர், எல்லாரும் முகத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

மச்சானுக்கே ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். நானும் கேட்டேன். தன் கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் கை மாதிரியே கீதுன்னு மட்டும் நெனச்சேன், அதான் தப்பாப் போச்சு. கண்ணாடில பாக்கற மாதிரி எதுத்தாப்புல கீதுன்னு நெனச்சேனா, இல்ல அதுக்கும் பீச்சாங்கை பக்கமேன்னு நெனச்சேனா? யோசிக்க யோசிக்க ரெண்டும் மெய்யாத் தெரியுது."

"அப்ப ஏதாவது ஒண்ணப் போடு. எவன் வந்து கேக்கப் போறான்?"

"தப்பு மார்க்கா போடச் சொல்றியா?"

'வேற புலியப் பாத்துப் போடேன்' என்று அக்காள் ஒரு நாள் சொன்னதற்கு, 'நீ வேற புருஷன் படத்த மாட்டிக்கிறியா' என்று கேட்டாராம். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. எனக்குத்தான் சோறு வரவில்லை.

அதிலிருந்து ஒன்பது வருஷம். சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், மச்சான் தலை நரைத்தது. ஒவ்வொரு தபசுகாலமும் யானைக்கு, மானுக்கு, கரடிக்கு, நரிக்குக் கால் வந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் போய்விடும். மோத்தி மட்டும் மார்போடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அதுதான். சில நாள் தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு சுவருக்கு முதுகு காட்டிச் சாப்பிடுவேன்.

எழும்பூர் மியூசியத்துக்கு, ஊர்க்காரர்கள் சொல்கிற செத்த காலேஜுக்குப் போனார், அங்கே பாடம் பண்ணி வைத்திருக்கிற மிருகங்களில் மோத்தி இருக்குமோ என்று. ஒரு புலி இருந்தது. வேறு புலி. அதன் பாதங்களையும் யாரோ காய்ந்த புல்லைப் பரப்பி மறைத்திருந்தார்கள். "கால் வெளங்காத தேசம்டா இது" என்று காவலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

ஜஹாங்கீர் பாய் கிடைத்தது நாற்பத்து நாலில். கிடைத்தார் என்ன, ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு எதிரேயே நின்றுகொண்டிருந்தார். தாடி வெளுத்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. ஓடினார்.

"சலாம் பாய்! நீ உசுரோட கீறியா? நல்லாக் கீறியா? பாய், ஒண்ணே ஒண்ணு சொல்லு. மோத்திக்கு எந்தக் காலு?"

பாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். குதிரையின் வாரை இறுக்கினார்.

"சவாரி கீது நைனா" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வண்டியில் ஒரு ஆளும் இல்லை.

அது ஒரு நாள் கூத்து இல்லை. மாசத்துக்கு இரண்டு தரமாவது நடக்கும். மச்சான் துறைமுகத்திலிருந்து வருவார், பாயின் எதிரே நிற்பார், கேட்பார். பாய் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். ஒரு தரம் கெஞ்சினார். ஒரு தரம் பீடிக்கட்டு வாங்கிக் கொடுத்தார். பாய் அதை வண்டிப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார். ஒரு தரம் கோபத்தில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஒரு வார்த்த சொன்னா வாயில கீற முத்து உதிர்ந்துடுமா? தோஸ்துன்னு நெனச்சேனேயா உன்ன!"

பாய் அப்போதும் அவர் கையைத்தான் பார்த்தார், முகத்தை இல்லை. எனக்கு ஜன்னலிலிருந்து பார்க்கப் பார்க்க ஆத்திரம் வரும். யார் மேல் என்றால் இரண்டு பேர் மேலும். இவருக்கு ஒரு கால், அவருக்கு ஒரு வார்த்தை. நடுவே நான் பில் எழுத முடியாமல் தவிப்பேன்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் வீட்டுக்காரர் நீலமேகத்துக்கு நல்ல புத்தி வந்தது. அதே வரிசையில் குடியிருந்த அவர் தங்கை மகளைச் சுவரோரத்து ஓட்டையிலிருந்த தேள் கொட்டியது ஒரு காரணம். இடுப்பு உயரத்துக்குப் பழைய பூச்சைச் செதுக்கி எறிந்துவிட்டு, ஆற்று மணலும் சிமிட்டியும் கலந்து பூசித் தருவதாகச் சொல்லி, கொத்தனார் கிருஷ்ணப்பனை அனுப்பினார். சிமிட்டியில் உப்பு ஏறாது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே மண் வர்ணத்தைத் தட்டிவிட்டால் சுவரோடு சுவராக இறுகிவிடும், நம் காலத்துக்கு உதிராது என்று கிருஷ்ணப்பன் சத்தியம் செய்தான்.

பன்னிரண்டு வருஷமாக இதற்குத்தான் மச்சான் நீலமேகத்தின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிடைத்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"இனிமே போட்டா அழிக்க முடியாது தாமசு" என்றார். "உப்பாவது வருஷா வருஷம் எனக்கு வாய்தா குடுத்துகினு இருந்துது."

அந்தச் சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் பூசி முடித்திருந்தது. யானைக்கும் மானுக்கும் கரடிக்கும் கால் வந்துவிட்டிருந்தது. மோத்தியின் கீழே மட்டும் சாம்பல் நிறத்தில் ஈரச் சுவர். மச்சான் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தகடு, பக்கத்தில் காவிக் கிண்ணம். கிருஷ்ணப்பன் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "நைனா, இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். அப்பால வர்ணம் புடிக்காது" என்றான். அக்காள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மச்சான் தகட்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி நடந்தேன். நேரே ஸ்டேஷன் வாசலுக்குப் போய் பாயின் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க சார்?"

"ஓட்டு. வழி சொல்றேன்."

எங்கள் வாசலில் வண்டி நின்றதும் இறங்கி, குதிரையின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"பாய், இது கஸ்பாரு வூடு. உள்ள வந்து ஒரே ஒரு தபா அந்தச் சொவத்தப் பாரு. அப்பால சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஒன்போது வருஷமா மனுசன் தூக்கம் கெட்டுக் கெடக்கறான். உனக்கு இன்னா, நெஞ்சுல ஈரமே கெடயாதா?"

பாய் கடிவாள வாரை வண்டிக் கம்பியில் சுற்றினார். பிறகு இறங்கினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

மச்சான் எழுந்திருக்கக்கூட மறந்துபோனார். பாய் நடுவறையில் நின்று சுவரைப் பார்த்தார். ஒரு மனிதரைப் பார்ப்பது போல ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"மூக்காண்ட கீற தழும்பக்கூட வுடலியே நீ" என்றார்.

அப்புறம் சுவரைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

"அன்னிக்கி துப்பாக்கிக்காரங்க வந்தாங்க. மத்ததெல்லாம் முடிஞ்சிடுச்சி. அந்தச் சத்தத்துல இவ பின்னால கீற பொந்துல பூந்துகினா. வரல. ஆபீசரு என்னக் கூப்ட்டு, நீ கொரல் குடு, உனுக்குத்தான் வரும்னாரு. நா மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. கூப்ட்டேன். மூணு தபா கூப்ட்டாத்தானே வருவா, கஸ்பாரு? உனுக்குத் தெரியுமே. அன்னிக்கி ஒரே தபா. பயந்துகினு கெடந்தவ, என் கொரலக் கேட்டதும் வந்துட்டா. என்னாண்ட வந்துட்டா சரியாயிடும்னு நெனச்சுகினா. வந்து, கம்பிக்கு வெளிய காலு வெச்சா. சொறிஞ்சு வுடச் சொல்லி."

பாய் குனிந்து மச்சானின் இடது கையைப் பிடித்தார். விரல் இல்லாத இடத்தைத் தன் கட்டைவிரலால் தடவினார்.

"இந்தக் காலு. இதே பக்கம், அவளுக்கும் பீச்சாங்காலு. நீ வந்து எதுருல நிக்கறப்பெல்லாம் நா இந்தக் கையத்தான் பாப்பேன் நைனா. எப்பிடிச் சொல்லுவேன் நா?"

கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கீழே இருந்த தகட்டையும் ஈரச் சுவரையும் அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது.

"போட்டுக்கோ. அழகாத்தான் வெட்டிகீற. ஆனா கால் இருந்தா அவ எழுந்து வந்துடுவா கஸ்பாரு. கூப்ட்டா வர்ற ஜாதி."

வாசலில் ஜட்காவின் சத்தம் கேட்டுத் தெரு முனை வரை போய் அடங்கியது. அவரைப் பார்த்து நெஞ்சில் ஈரம் இல்லையா என்று கேட்டவன் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மச்சான் தகட்டைக் கையில் எடுத்தார். இந்தத் தரம் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரே தடவையில் சரியான பக்கமாகப் பிடித்தார். இடுப்பிலிருந்த ஆணியை எடுத்து மூலையில் குறி கீறினார். தூரிகையைக் காவியில் தோய்த்தார். சுவரில் தகட்டை வைக்கப் போய், மோத்தியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நைனா, நேரமாவுது" என்றான் கிருஷ்ணப்பன். "காயுது பாரு. ஜல்தி தட்டு."

மச்சான் தூரிகையைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டார்.

"காயட்டும்" என்றார்.